கோரை போட்டுக் கட்டிய ஊர்

படகிலிருந்து இறங்கிக் காலை வைத்ததும் தரை கொஞ்சம் உள்ளே போய், அப்புறம் மெல்ல மேலே தூக்கிவிட்டது. சின்ன வயதில் களத்துமேட்டில் வைக்கோல் போர் மேல் ஏறி நடந்தவர்களுக்கு அந்த உணர்வு தெரிந்திருக்கும். இந்தப் போருக்கு அடியில் மண் இல்லை, தண்ணீர்தான். பெரு நாட்டின் புனோ நகரத்துக்கு எதிரே, டிட்டிகாகா ஏரியில், உரு மக்கள் கட்டி வைத்திருக்கிற மிதக்கும் தீவுகளில் ஒன்று அது. 2023 நவம்பரில் போயிருந்தேன். போய் வந்ததிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

முதலில் அந்த உயரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே எல்லாமே அதற்குக் கட்டுப்பட்டதுதான். ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தொட்டபெட்டா உச்சியில் நின்றுகொண்டு இன்னும் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் மேலே ஒரு கடலை நினைத்துப் பாருங்கள். கடல் என்றுதான் சொல்ல வேண்டும். சுமார் 8,300 சதுர கிலோமீட்டர், எதிர்க்கரை தெரியாது, காற்று வந்தால் அலை எழும்பும். பெருவும் பொலிவியாவும் பங்கு போட்டுக்கொண்ட ஏரி. லிமாவிலிருந்து ஹூலியாக்காவுக்கு விமானம், அங்கிருந்து சாலை வழியாகப் புனோ. முதல் நாள் விடுதியின் மாடிப்படி ஏறுவதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது, தலைவலி வேறு. அந்த மலை நோய்க்கு அங்கே 'சொரோச்சே' என்று பெயர். கோக்கா இலையை வெந்நீரில் போட்டுக் குடிக்கக் கொடுத்தார்கள். ராத்திரி குளிர் எலும்புக்குள் போகும், பகலில் வெயில் தோலை உரிக்கும். மரம் என்று சொல்ல அதிகம் கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற யூகலிப்டஸ் கூட வெளியிலிருந்து வந்ததுதான்.

மரம் இல்லாத இடத்தில் மனிதர்களுக்குக் கிடைத்தது தோத்தோரா. ஏரிக்கரை நெடுக ஆள் உயரத்துக்கும் மேலே வளர்கிற ஒரு தண்டு. தாவரக் குடும்பத்தில் பார்த்தால் நம் கோரையின் சொந்தக்காரன்தான். எங்கள் பக்கம், முசிறியைச் சுற்றி, கோரை வெட்டிப் பாய் நெய்வதைப் பார்த்தே வளர்ந்ததால் அந்தத் தண்டைக் கையில் வாங்கியதும் ஒரு பரிச்சயம் வந்துவிட்டது. உள்ளே அதே பஞ்சு, அதே லேசு. ஆனால் நாம் அதைப் பாய்க்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம். இவர்கள் அதில் வீடு கட்டுகிறார்கள், படகு கட்டுகிறார்கள், அதைச் சாப்பிடுகிறார்கள். அடித்தண்டின் வெள்ளைப் பகுதியை உரித்துக் கொடுத்தார் அந்த வீட்டுக்கார அம்மா. வெள்ளரிக்காய் போலச் சப்பென்று, நீர் நிறைந்து இருந்தது.

தீவு கட்டுகிற விதம் இது. தோத்தோராவின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, அடர்ந்து, மெத்தை மாதிரி கிடக்கும். அதற்குக் 'கில்லி' என்று பெயர். மழைக்காலத்தில் ஏரி ஏறும்போது இந்த வேர் மெத்தை அடியிலிருந்து பெயர்ந்து மிதக்கும். அப்போது பெரிய ரம்பத்தால் கட்டி கட்டியாக அறுத்து, இழுத்து வந்து, ஒவ்வொரு கட்டியிலும் கம்பு அடித்து, கயிற்றால் ஒன்றோடொன்று கட்டுவார்கள். சில மாதங்களில் வேர்கள் தாங்களாகவே பின்னிக்கொள்ளும். அப்புறம் அறுத்த தோத்தோராவை ஒரு அடுக்கு நெடுக்கில், அடுத்த அடுக்கு குறுக்கில் என்று பரப்புவார்கள். சுற்றிலும் நீண்ட கம்பங்களை ஏரியின் தரையில் அடித்துக் கயிற்றால் கட்டாவிட்டால், காற்று தீவைப் பொலிவியா பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பக்கத்து வீட்டோடு ஆறவே ஆறாத சண்டை வந்தால் ரம்பத்தை எடுத்துத் தீவை இரண்டாக அறுத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டாம்.

இத்தோடு வேலை முடியவில்லை. அடியில் இருக்கிற தண்டு தண்ணீரில் ஊறி அழுகிக்கொண்டே இருக்கும். அதனால் மேலே புதுசு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மழை வந்துவிட்டால் அதைவிட அடிக்கடி. குடிசையைத் தூக்கி வைத்துவிட்டு, அது இருந்த இடத்திலும் போட வேண்டும். ஒரு தீவு இருபத்தைந்து முப்பது வருடம் தாங்கும், அதற்குப் பிறகு புதிதாக வேர் அறுக்கப் போக வேண்டியதுதான். எங்கள் பாட்டி வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை கீற்று மாற்றுவார்கள். அந்த ஒரு நாளுக்கே வீடு அல்லோலகல்லோலப்படும். இங்கே கூரை இல்லை, காலுக்குக் கீழே இருக்கிற தரையையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பழைய தீவு, பழைய வாழ்க்கை என்று நாம் சொல்கிறோம். நான் உட்கார்ந்திருந்த தோத்தோராவுக்குப் பத்து நாள் வயதுகூட இருக்காது. இந்த ஏரியைச் சுற்றி நான் பார்த்த எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தியது.

உரு மக்களின் கதை சுலபமான கதை இல்லை. ஏரியை ஆண்டவர்கள் எல்லோருக்கும் அவர்கள் கீழேயே இருந்திருக்கிறார்கள். கரையில் நிலம் வைத்திருந்த ஐமாராக்களுக்குக் கீழே, பிறகு இன்காக்களுக்குக் கீழே, பிறகு ஸ்பானியர்களுக்குக் கீழே. நிலம் இல்லாதவன், மீன் பிடிப்பவன், நாணல் தின்பவன் என்கிற ஏளனம். ஹோசே தே அகோஸ்தா என்ற இயேசு சபைப் பாதிரியார் 1590-இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார்: நீங்கள் யார் என்று கேட்டால், நாங்கள் மனிதர்கள் இல்லை, உருக்கள் என்று இவர்கள் பதில் சொன்னார்களாம். அவர் அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அது அப்படிப் படவில்லை. 'மனிதன்' என்ற சொல்லுக்கு வரி கட்டுகிறவன், சுரங்க வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்படுகிறவன் என்று பொருள் இருந்த காலத்தில், நான் அவன் இல்லை என்று ஒருவர் சொன்னால் அதில் புத்தி இருக்கிறது. துரத்தினால் தீவையே இழுத்துக்கொண்டு நாணல் காட்டுக்குள் போய்விட முடிந்தவர்களின் பதில் அது.

அவர்கள் மொழி போய்விட்டது. புனோ விரிகுடாவில் உரு மொழி இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அடங்கிவிட்டது. இன்று அந்தத் தீவுகளில் பேசுவது ஐமாராவும் ஸ்பானிஷும். பொலிவியப் பக்கம், ஏரியிலிருந்து வெளியேறும் தெசாகுவாதேரோ ஆற்றங்கரையில் இரோஹீதோ என்கிற ஊரில் கடைசியாகச் சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்களும் போய்விட்டார்கள். அந்தக் குடும்பத்தில் உயிரோடு இருப்பது தெற்கே வெகுதொலைவில் இருக்கிற சிப்பாயா மொழி மட்டும்தான். இதை வைத்துக்கொண்டு புனோவில் சிலர், இவர்கள் அசல் உருக்களே இல்லை, ஐமாராக்கள்தான் சுற்றுலாவுக்காக வேஷம் கட்டுகிறார்கள் என்று சொல்வதைக் கேட்டேன். 1986-இல் பெரிய புயல் ஒன்று வந்து தீவுகளைச் சிதைத்த பிறகு பலர் புனோவுக்குப் பக்கமாக வந்து கட்டிக்கொண்டார்கள், சுற்றுலா வளர்ந்தது, கூரையில் சூரியத் தகடுகள் வந்தன. எல்லாம் உண்மை. ஆனால் மொழியைப் பறிகொடுத்த ஒரு கூட்டத்திடம் போய் நீ அசலா என்று கேட்பது என்ன நியாயம்? படகில் வருபவர்களுக்குத் துணி விற்பது அவர்களுடைய வருமானம். ரம்பம் பிடித்து வேர் அறுப்பது அவர்களுடைய வேலை. ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்கிவிடாது.

அடுத்த நாள் தக்கீலே. இது நிஜமான மண் தீவு, கெச்சுவா பேசுகிற ஊர், சுமார் இரண்டாயிரம் பேர். துறையிலிருந்து ஊர் நடுவுக்கு ஏறுகிற கற்படிகளில் மூச்சு வாங்க நின்று நின்று போகும்போது, பக்கத்தில் ஒரு கிழவர் கையில் பின்னல் ஊசியோடு, பார்க்காமலேயே பின்னிக்கொண்டு, என்னைக் கடந்து போனார். அங்கே பின்னல் ஆண்களின் வேலை. சின்னப் பையனாக இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். காது மூடுகிற 'சுல்யோ' தொப்பியைப் பார்த்தே ஆளின் நிலை தெரியும்: முழுக்கச் சிவப்பும் கோலமுமாக இருந்தால் கல்யாணம் ஆனவர், மேல் பாதி வெள்ளையாக இருந்தால் ஆகாதவர். பெண்கள் நூல் நூற்று, இடுப்புக் கச்சை நெய்கிறார்கள். அந்தக் கச்சையில் வருடத்தின் விதைப்பு, அறுவடை, சடங்கு எல்லாம் கட்டம் கட்டமாக வந்துவிடும். கணவன் இடுப்பில் கட்டியிருப்பது ஒரு பஞ்சாங்கம். யுனெஸ்கோ 2005-இல் தக்கீலேயின் நெசவை மனிதகுலத்தின் வாய்மொழி, அருவப் பாரம்பரியத்தின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது.

அந்த உடையின் வெட்டைப் பார்த்தால், கால்சட்டை, குட்டைச் சட்டை எல்லாவற்றிலும் ஸ்பெயின் நாட்டுக் குடியானவன் உடையின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். வென்றவன் கொண்டுவந்த உடை. மிதி தறியும் அப்படி வந்ததுதான், தரையில் முளை அடித்து நெய்கிற தறி மட்டும் பழையது. தீவு பல காலம் கைதிகளைக் கொண்டுவந்து விடுகிற இடமாகவும் இருந்திருக்கிறது. அத்தனையையும் வாங்கி, தங்கள் கோலத்தைப் போட்டு, கடைசியில் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். துணிக்கு விலை வைப்பதையும் வருகிற விருந்தாளியை எந்த வீட்டில் தங்க வைப்பது என்பதையும் ஊர் கூடித்தான் முறை வைத்துச் செய்கிறார்கள். எனக்கு இது நெசவைவிடப் பெரிய கலை என்று தோன்றியது.

ஐமாரா மொழியைப் பற்றி ஒரு விஷயம். போவதற்கு முன்பே இதைப் படித்துவிட்டு மனசில் வைத்திருந்தேன். ஐமாராவில் 'நைரா' என்றால் கண், முன்பக்கம், கடந்த காலம் எல்லாமே. 'நைரா மாரா' என்றால் போன வருடம். 'கிப்பா' என்றால் முதுகுப்பக்கம், வரப்போவது. போனது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஏனென்றால் அதைப் பார்த்தாகிவிட்டது. வரப்போவது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. 2006-இல் ரஃபாயேல் நூன்யெஸ், ஈவ் ஸ்வீட்ஸர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், ஐமாரா முதியவர்கள் பழைய கதை பேசும்போது கையை முன்னால் நீட்டுகிறார்கள், எதிர்காலத்தைப் பேசும்போது தோளுக்குப் பின்னால் காட்டுகிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத விந்தை என்று இதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆனால் தமிழில் வளர்ந்தவர்கள் இதைப் படித்தால் ஒரு நிமிடம் நின்று யோசிப்போம். 'முன்' என்றால் நமக்கும் எதிரே, நமக்கும் கழிந்துபோன காலம். முன்னோர், முன்பு, நேற்று முன்தினம். 'பின்' என்றால் முதுகுப்பக்கம், இனி வருவது. பின்னாளில், பிற்பாடு. நாம் கையை எந்தப் பக்கம் காட்டுகிறோம் என்பது வேறு விஷயம், சொல் நம் வாயில் இருக்கிறது. ஐமாராவில் இன்னொரு கட்டாயமும் உண்டு. ஒன்றைச் சொல்லும்போது அதை நீயே பார்த்தாயா, யாரோ சொல்லிக் கேட்டாயா என்பது வினையிலேயே வந்துவிட வேண்டும். அடுத்து எழுதப் போகிற பழைய காலத்தையெல்லாம் நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பொலிவியப் பக்கம் தியவானாக்கு என்ற பாழ்நகரம். இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1000 வரை கொடிகட்டிப் பறந்த ஊர். அங்கே இருக்கிற சூரிய வாசல் ஒற்றைக் கல்லில் செதுக்கியது. அங்குள்ள சாம்பல் நிற எரிமலைக் கற்கள் ஏரியின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. எப்படி வந்தன? 2002-இல் ஆராய்ச்சியாளர்களும் ஐமாராப் படகுக்காரர்களும் சேர்ந்து பெரிய தோத்தோராப் படகு ஒன்று கட்டி, 9 டன் கல்லை அதில் ஏற்றி ஏரியைக் கடந்து காட்டினார்கள். படகைக் கட்டியவர் இதே ஏரியில் இருக்கிற சுரிக்கி தீவைச் சேர்ந்த பாவுலீனோ எஸ்தேபான். அதே மனிதர்தான் 1970-இல் அதே தீவின் லிமாச்சி குடும்பத்தார் மூன்று பேரோடு மொராக்கோவுக்குப் போய், நார்வே நாட்டுக் கடல் பயணி தோர் ஹையர்டாலுக்கு 'ரா 2' என்கிற நாணல் படகைக் கட்டிக் கொடுத்தவர். அது அட்லாண்டிக்கை 57 நாளில் கடந்து பார்படோஸ் சேர்ந்தது. முந்தைய வருடம் ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்காரர்கள் கட்டிய முதல் 'ரா' கரை சேரவில்லை. மலை உச்சி ஏரிக்காரர்கள், கடலுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள், பெருங்கடலுக்குப் படகு கட்டினார்கள். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஹையர்டால் பெயர்தான் முதலில் வருகிறது. இந்த நாலு பேர் பெயரும் சேர்ந்தே வர வேண்டும்.

தியவானாக்கு நகரத்துக்குச் சோறு போட்ட வயல்களைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனசு வரவில்லை. ஏரிச் சமவெளியில் 'வாரு வாரு' என்கிற மேட்டு வயல்கள் இருந்தன. மண்ணைத் தோண்டி வாய்க்கால் வெட்டி, தோண்டிய மண்ணைப் பக்கத்தில் கொட்டி மேடாக்குவது. வாய்க்காலில் தண்ணீர் நிற்கும். பகலில் அந்த உயரத்து வெயிலை உள்வாங்கிய தண்ணீர், ராத்திரி உறைபனி இறங்கும்போது சூட்டை மெல்ல விடும், மேட்டில் இருக்கிற உருளைக்கிழங்குச் செடி பிழைத்துக்கொள்ளும். வாய்க்காலில் சேர்கிற சேறும் பாசியும் அடுத்த வருடத்துக்கு உரம். இந்த மேடுகளின் தடம் 80,000 ஹெக்டேருக்கும் மேல் இருப்பதாக 1960களில் கணக்கெடுத்தார்கள். எல்லாம் எப்போதோ கைவிடப்பட்டவை. 1980களில் கிளார்க் எரிக்சன் போன்ற தொல்லியலாளர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து சில வயல்களைத் திரும்ப உயிர்ப்பித்தார்கள், விளைச்சலும் நன்றாக வந்தது, உதவி அமைப்புகள் வரிசை கட்டின. கூலியும் விதையும் வந்துகொண்டிருந்தவரை வயல் இருந்தது, அது நின்றதும் பெரும்பாலான இடங்களில் வயலும் நின்றுவிட்டது. வருடா வருடம் சேறு அள்ளுவதற்கு ஒரு ஊரே வேண்டும். இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ என்று ஒருவருக்கொருவர் உழைக்கிற முறைக்கு அங்கே 'ஐனி' என்று பெயர். இளைஞர்கள் லிமாவுக்கும் பொலிவியாவின் எல் ஆல்டோ நகரத்துக்கும் வேலைக்குப் போய்விட்ட ஊரில் ஐனிக்கு ஆள் எங்கே?

வேலை இன்னும் நிற்காமல் நடக்கிற ஒன்று சுன்யோ. ஜூன், ஜூலை மாதத்தில், உறைபனி கடுமையாக இருக்கிற ராத்திரிகளில், உருளைக்கிழங்கைத் திறந்த வெளியில் பரப்பி வைப்பார்கள். ராத்திரி உறையும், பகல் வெயிலில் இளகும். சில நாள் கழித்துக் குடும்பமே வெறுங்காலால் அதன் மேல் ஏறி மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். பிறகு காய வைத்தால் கறுத்து, கூழாங்கல் போல, எடையே இல்லாமல் ஆகிவிடும். வருடக்கணக்கில் கெடாது. நாம் வெயிலை வைத்து வற்றல் போடுகிறோம், அவர்கள் குளிரையும் வெயிலையும் சேர்த்து வற்றல் போடுகிறார்கள். கசப்பு அதிகமான, நேராகச் சமைத்தால் வாயில் வைக்க முடியாத கிழங்கு இதற்குத்தான். சூப்பில் போட்டு எனக்குக் கொடுத்தார்கள். மண்வாசனை, கொஞ்சம் ரப்பர் மாதிரி. முதல் நாள் பிடிக்கவில்லை, மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கினேன்.

பொலிவியப் பக்கம் இருக்கிற கோப்பகபானாவில் ஒரு நாள்தான் இருந்தேன். பிரேசிலின் ரியோ நகரத்தில் இருக்கிற கோப்பகபானா கடற்கரைக்குப் பெயர் கொடுத்தது இந்த ஏரிக்கரை ஊரின் மாதா கோயில். சிலையை 1583-இல் செதுக்கி முடித்தவர் இன்கா வம்சத்து பிரான்சிஸ்கோ தீத்தோ யுபாங்கி. கோயில் வாசலில் புதுக் கார்களைப் பூவால் அலங்கரித்து, பாதிரியார் தண்ணீர் தெளித்ததும், சொந்தக்காரர்கள் பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு, பீரை டயரில் ஊற்றுகிறார்கள். எதிரே இருக்கிற சூரியத் தீவில்தான் முதல் இன்காவும் அவன் துணையும் தோன்றினார்கள் என்பது கதை. அந்தத் தீவுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கடியில் இருக்கிற பாறைத் திட்டில், தியவானாக்குக் காலத்துத் தூபக்கலசங்களும் பொன் தகடுகளும், தூரத்துப் பசிபிக் கடலின் சிப்பிகளும் கிடைத்திருக்கின்றன.

இப்போது ஏரி. நான் போன வருடம் வறட்சி. படகுத்துறைகள் தண்ணீரை விட்டுத் தள்ளி நின்றன, கரையோரத் தோத்தோரா பழுத்துக் காய்ந்து கிடந்தது. புனோவின் சாக்கடையும், ஹூலியாக்காவின் கழிவும், பொலிவியாவின் எல் ஆல்டோவிலிருந்து ஆற்றோடு வருகிற கழிவும் ஏரியில்தான் வந்து சேர்கின்றன. தோலாலேயே மூச்சு விடுகிற டிட்டிகாகாத் தவளை வேறு எங்கும் இல்லாத உயிர். 2016-இல் ஏரியில் வந்து விழும் கோவாத்தா ஆற்றில் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தது. 1940களை ஒட்டிக் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனுக்கு முன்னால் உள்ளூர் மீன்கள் நிற்க முடியவில்லை, 'உமாந்து' என்கிற மீன் அழிந்தே போய்விட்டது. தெற்கே, டிட்டிகாகாவின் தண்ணீர் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த போப்போ ஏரி 2015-இல் வற்றிவிட்டது. அதன் கரையில் மீன் பிடித்துப் பிழைத்த உரு மக்கள் உப்பளத்துக்கும் சுரங்கத்துக்கும் வேலைக்குப் போனார்கள். தண்ணீர் மனிதர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசி இரவை மறுபடியும் மிதக்கும் தீவிலேயே, அந்த அம்மா வீட்டில், கழித்தேன். நாலு கம்பளி. ராத்திரி காற்று அடித்தபோது படுக்கை மெல்ல ஏறி இறங்கியது. காலையில் கேட்டேன், தண்ணீர் இன்னும் கீழே போனால் என்ன செய்வீர்கள் என்று. வழிகாட்டி மொழிபெயர்த்தார். இப்போதே புல் அறுக்க முன்னைவிட ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கிறது, தீவின் ஒரு ஓரம் சேற்றில் தட்டுகிறது, அவிழ்த்து ஆழத்துக்குத் தள்ளிக் கட்ட வேண்டும், ஆள் வேண்டும், மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்றார். மழை வருமா என்று கேட்டேன். கையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் காட்டி ஏதோ சொன்னார். வழிகாட்டி அதை மொழிபெயர்க்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் அவர் கணவர் படகு நிறையப் பச்சைத் தோத்தோராவோடு வந்து சேர்ந்தார். எல்லோரும் சேர்ந்து இறக்கினோம். ஈரத்தோடு கனமாக இருந்தது. நான் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் பள்ளமாக அமுங்கி, ஓரத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஐந்து வயதுப் பேரன் தன் கைக்கு அடங்கிய நாலைந்து தண்டுகளை இழுத்துக்கொண்டு வந்து அந்தப் பள்ளத்தில் போட்டான். தாத்தா அவன் தோளைத் திருப்பிவிட்டு, நெடுக்கில் இல்லை, குறுக்கில் என்று காட்டினார். அவன் எடுத்துத் திருப்பிப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று மிதித்தான்.